வேலி முருக்கில் ஒரு கை

பொதியின் மேல் ஒட்டியிருந்தது:
விளையாட்டுப் பொருள், பெறுமதி பன்னிரண்டு டொலர்.
தபாற் கந்தோரில் கத்தி போட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு
மறுபடி ஒட்டித் தந்தார்கள்.
அரிசோனா வெயிலுக்குள் லொறி ஓட்டுகிற குகதாசன்
ஹோப்பி ஆட்களிடம் வாங்கி அனுப்பிய பொம்மை.
வலக்கை இல்லை.
பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்,
நீலத்தூள் கொஞ்சம் விழுந்தது.

"ஒரு கையைப் பூட்டி ஷோகேசில வை மச்சாள்,
நீ வாகனத்துக்குக் கால் பூட்டுற ஆள்தானே."
குரற்பதிவில் அவனைவிடக் காற்றுத்தான் கூடக் கதைத்தது.

தூக்கினால் பாரமே இல்லை.
இலுப்பைக்குப் பழகிய என் கை ஏமாந்து
முகட்டைத் தொடப் போய் வந்தது.
மரமில்லையாம், வேராம்.
காய்ந்த ஆற்று மணலுக்குள்
தண்ணியைத் தேடி நடந்த வேர்.
மாரியில் மட்டும் ஆறாகிற வழுக்கையாற்றுக்கு
இந்தப் பக்கம், அராலியில் இருந்துகொண்டு
அதை நான் மணந்து பார்க்கிறேன்.
எங்கள் கிணறு பங்குனியிலிருந்து உவர்.

ஒன்று எனக்குத் தெரியும்.
கண் திறக்கும்வரை இடபம் வெறும் பலகை.
அதன் முதுகில் தேத்தண்ணிக் கோப்பை வைத்திருக்கிறேன்,
சாய்ந்து நித்திரை கொண்டிருக்கிறேன்,
கோபத்தில் ஒருநாள் உளியால் குத்தியும் இருக்கிறேன்.
விடியப்புறம் சிவபாதம் அண்ணை தனியே உள்ளே போய்
அந்த இரண்டு புள்ளியைத் தொட்டுவிட்டு வந்தபின்
ஒருத்தரும் கோப்பை வைப்பதில்லை.

ஆனால் போன தையில்
ஹோட்டல் வரவேற்பறைக்கு ஒரு குதிரை செய்தோம்.
அதற்கும் கண் உண்டு.
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு
ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருக்க
நான்தான் கீறினேன்.
பார்க்காத கண்.
வாங்கினவருக்கு வித்தியாசம் தெரியாது,
நாங்களும் சொல்லவில்லை.

இவனுக்கு எந்தக் கண்?

இரவு குகதாசனைக் கேட்டேன்.
கும்பிடுகிற சாமி இல்லையாம்.
பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பதாம்,
மழையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களின் முகம்
அவர்களுக்குப் பழகட்டும் என்று.
அந்த முகத்தோடு ஆடுகிற மனிசன்
அந்த நேரம் அந்த மனிசன் இல்லையாம்.
"விளங்குதே? கலை வாற மாதிரி."

விளங்கியது.
எங்களூரில் கலை
படித்து எடுப்பதல்ல, வருவது.
வந்தவர் ஆடி முடியப் போவார்.
அவர்களும் ஆடியில்தான் போகிறார்களாம்,
மலைக்கு, அரை வருசத்துக்கு.

"இது விக்கிறதுக்கெண்டே செய்ததோ?"
"நான் கேக்கேல்லை. அவரும் சொல்லேல்லை."

எங்களைப்போல.

முகத்தை நான் தொடவில்லை.
நெற்றியில் உதிர்ந்த நீலம்
எங்கள் மயிலின் கழுத்து நீலமேதான்,
தூரிகையும் நனைந்தே இருந்தது.
பேணியை மூடினேன்.
கைக்கு மட்டும் வேலி முள்முருக்கில் ஒரு கொப்பு முறித்து
நிழலில் காயவிட்டு, முள் சீவி,
இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
அதன் மறுபக்கத்தைச் செதுக்கினேன்.
முன்பு எதைப் பிடித்திருந்ததோ,
விரல்களை வெறுமையாய் வளைத்து விட்டேன்.
நிறம் பூசவில்லை.
முருக்கின் வெள்ளை அப்படியே நிற்கட்டும்,
எது என்னுடைய வேலை என்று தெரியட்டும்.

ஷோகேசுக்குள் ஈபிள் கோபுரம் நிற்கிறது,
வலைப்பந்துக் கிண்ணம் இரண்டு, பூட்டு ஒன்று.
இவனை முதுகில் நூல் கட்டி
கிணற்றைப் பார்க்கிற யன்னலோரம் கொழுவினேன்.

சாம்பவி பள்ளிக்கூடத்தால் வந்து
சப்பாத்தோடேயே நின்று பார்த்தாள்.
"பேர் என்ன?"
தெரியாது.
"சாமியோ?"
இல்லையாம்.
"அப்ப ஏன் கிணத்தைப் பாக்கிறார்?"
நான் பதில் தேடுவதற்குள்
அந்த வெள்ளைக் கையில் விரலை வைத்து,
"இது ஆர்?"

அது எங்கடை வேலி என்றேன்.